துரைமார் பாட்டு அன்று!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

இசைக்கு மொழி இல்லை என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. இசைக்கு மொழி உண்டு, ஊர் உண்டு, தொழிலும் உண்டு. பாடியவர் கையில் மண்வெட்டி பிடித்த காய்ப்பும் உண்டு. இந்த உண்மையை எனக்கு உணர்த்தியவை இங்கிலாந்து நாட்டின் நாடோடிப் பாடல்களும், அவற்றைப் பாடிய குழுக்களும் ஆகும். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்த ஒருவனுக்கும் இங்கிலாந்துக் குடியானவன் பாட்டுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் வியக்கக்கூடும். அந்த உறவைச் சொல்லி, அதன்வழி என் கருத்து ஒன்றையும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகரப் பெட்டி

என் தாயார் கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களாவில் வீட்டு வேலை செய்துவந்தார். அங்கே தனியே வாழ்ந்த முதிய ஆங்கிலேய அம்மையார் காலமானபோது, உறவினர்கள் வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை வேலை செய்தவர்களுக்குக் கொடுத்துப் போனார்கள். எங்கள் பங்குக்கு இரண்டு கம்பளிகளும், ஒரு டேப் ரிக்கார்டரும், பிஸ்கட் தகரப் பெட்டி நிறைய ஒலிநாடாக்களும் வந்தன. அப்போது எனக்கு எட்டு வயது.

ஒவ்வொரு நாடாவின் அட்டையிலும் நீல மையால் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றைப் படிக்க எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் மின்சாரம் போன இரவுகளில், பேட்டரி போட்டு அந்த நாடாக்களைக் கேட்பதே என் பொழுதுபோக்கு. ஒரு நாடாவில் நான்கு பேர் பாடுவார்கள். வாத்தியம் ஒன்றும் கேட்காது. பெட்டி பழுதாகிவிட்டது, வாத்தியத்தை மட்டும் விழுங்கிவிடுகிறது என்று நான் வெகுநாள் நம்பினேன். இன்னொரு பாட்டு மிக மெல்லத் தொடங்கி, ஊர்வலம் நெருங்குவதுபோல் வலுத்து, மீண்டும் தொலைவில் தேய்ந்து மறையும். பேட்டரி தீர்ந்துபோகிறது என்று எண்ணி, அதைக் கழற்றி அடுப்பருகே சூடுகாட்டி மறுபடியும் போடுவேன். என் அறியாமையை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் குரல்கள் தந்த மகிழ்ச்சியில் அறியாமை ஏதும் இல்லை.

"இதெல்லாம் துரைமார் பாட்டுடா. நமக்கு எதுக்கு?" என்பார் என் தாயார். ஆனாலும் நிறுத்தச் சொன்னதில்லை. பள்ளியில் ஒருநாள் பிடித்த பாட்டு எது என்று ஆசிரியர் கேட்டபோது, இந்தப் பாட்டொன்றை வாய்க்கு வந்த ஒலிகளில் பாடிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. "லைன் வீட்டுத் துரை" என்ற பட்டப்பெயர் இரண்டாண்டு என்னைத் துரத்தியது. அதன்பின் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவர்கள் சிரித்ததைக் காட்டிலும், 'அது நமக்கு உரியதன்று' என்று நானே நம்பியதுதான் பெரிய குற்றம்.

யாருடைய பாட்டு?

கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு விடுமுறையில் பெட்டியை மீண்டும் திறந்தேன். இப்போது அட்டைகளைப் படிக்க முடிந்தது. காப்பர் குடும்பம், வாட்டர்சன்ஸ், ஸ்பின்னர்ஸ், ஃபேர்போர்ட் கன்வென்ஷன், ஸ்டீலை ஸ்பான் என்று பெயர்கள். ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஏன் தெரியுமா? அவற்றில் பெரும்பாலானவை துரைமார் பாட்டு அல்லவே அல்ல. துரைமாரிடம் கூலிக்கு நின்றவர்களின் பாட்டு!

1898-ஆம் ஆண்டில் இலண்டனில் நாட்டுப்புறப் பாடல் கழகம் தோன்றியது. அதன் செயலாளர் கேட் லீ அம்மையார், சசெக்ஸ் கடற்கரையில் உள்ள ராட்டிங்டீன் என்னும் ஊருக்குச் சென்று, ஜேம்ஸ் காப்பர், தாமஸ் காப்பர் என்னும் சகோதரர் இருவரின் பாடல்களை எழுதிக்கொண்டார். ஜேம்ஸ் பண்ணையில் ஆட்களை மேற்பார்த்தவர். தாமஸ் மதுவிடுதி நடத்தியவர். படித்தோர் சபையான அக்கழகம் இவ்விருவரையும் கௌரவ உறுப்பினர் ஆக்கியது.

1899-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஹெடிங்டன் என்னும் இடத்தில் மாரிஸ் நடனம் ஆடியவர்களைச் செசில் ஷார்ப் என்னும் இசை ஆசிரியர் கண்டார். குளிரில் கட்டட வேலை நின்றுபோனதால் நாலு காசு தேடி ஆட வந்தவர்கள் அவர்கள். இசைத்தவர் வில்லியம் கிம்பர் என்னும் கொத்தனார். பின்னர் 1903-இல், சாமர்செட் பகுதியில் ஹாம்பிரிட்ஜ் பாதிரியார் இல்லத்துத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவர் பாடியதை அதே ஷார்ப் கேட்டார்; உடனே குறித்துக்கொண்டார். அத்தோட்டக்காரரின் பெயர் ஜான் இங்கிலாந்து! நாட்டின் பெயரையே தாங்கிய ஒரு தோட்டக்காரரின் வாயிலிருந்துதான் அந்நாட்டின் பெரும் பாடல் தேட்டம் ஒன்று தொடங்கியது. ஷார்ப் தம் வாழ்நாளில் ஐயாயிரத்தை ஒட்டிய மெட்டுகளைத் திரட்டினார்.

அதே 1903-இல், எசெக்ஸ் பகுதியின் இங்க்ரேவ் கிராமத்தில், எழுபது வயதைக் கடந்த சார்லஸ் பொட்டிஃபர் என்னும் உழைப்பாளி பாடியதைக் கேட்டு மனம் நெகிழ்ந்தவர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ். பின்னாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த இசையமைப்பாளர்களுள் ஒருவராகப் போற்றப்பட்ட அவர், எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்களைத் தொகுத்தார். பள்ளிக்கூடம் காணாத குடியானவர்களிடம் பெரும் இசைவாணர்கள் ஏடும் பென்சிலுமாக மாணவர்களாய் உட்கார்ந்தார்கள். இதைவிடப் பெருமை ஒரு பாட்டுக்கு வேறு என்ன வேண்டும்?

பாடல்களின் பொருளும் அப்படித்தான். பணக்காரர் காட்டில் முயல் பிடித்ததற்காக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவன் கதை, கடற்படைக்கு வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவன் கதை, தூக்குமேடை ஏறியவன் கதை, கூலி தராத எசமானன் கதை! இனிய கிராமம், பசும்புல், ஆட்டுக்குட்டி என்று மட்டும் எண்ணுவோர் இவற்றைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றே சொல்வேன்.

ஏட்டிலிருந்து நாவுக்கு

தொகுத்தவர்கள் செய்தது பெருந்தொண்டு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தொகுத்த பாடல்களுக்குப் பியானோ சேர்த்தார்கள்; கொச்சை என்று பட்ட சொற்களை மாற்றினார்கள்; பள்ளிக்கூடத்துப் பாடநூலாக்கினார்கள். வயலில் பிறந்த பாட்டு, வரவேற்பு அறையில் கைகட்டி நின்றது. இலண்டனில் 1930-இல் திறக்கப்பட்ட செசில் ஷார்ப் இல்லத்தில் நூல்கள் பத்திரமாக இருந்தன. பத்திரமாக இருப்பது வேறு. உயிரோடு இருப்பது வேறு அன்றோ?

உயிர் கொடுத்தவர்கள் பின்னால் வந்த பாடகர்களும் குழுக்களும். 1957-இல் ஜான் ஆக்சன் என்னும் இரயில் ஓட்டுநர், கட்டுப்பாடு இழந்த தம் வண்டியைவிட்டுக் குதிக்காமல் கடைசிவரை நின்று உயிர்நீத்தார். அவர் கதையை, அவரோடு பணிபுரிந்த தொழிலாளர்களின் குரலையே சேர்த்து, 1958-இல் ஈவன் மக்கால், பெகி சீகர், சார்லஸ் பார்க்கர் ஆகியோர் பி.பி.சி. வானொலியில் பாடல் நிகழ்ச்சியாக்கினர். நாடோடிப் பாட்டு பழங்காலத்தோடு முடிந்த சங்கதி அன்று என்பதை அது நிலைநாட்டியது.

அதே 1958-இல் லிவர்ப்பூல் நகரில் ஸ்பின்னர்ஸ் குழு அமைந்தது. நால்வருள் ஒருவரான கிளிஃப் ஹால், ஜமைக்காப் பெற்றோருக்குக் கியூபாவில் பிறந்த கறுப்பர். 1988-இல் விடைபெறும்வரை முப்பதாண்டுகள் அக்குழு பாடியது. தொலைக்காட்சியில் அவர்கள் பாட, தாமும் சேர்ந்து பாடி வளர்ந்த ஒரு தலைமுறையே அங்கு உண்டு. இங்கிலாந்தின் பாட்டுக்குத் தோல் நிறம் உண்டு என்போருக்கு அந்த நால்வரே தக்க விடை.

என் டேப் ரிக்கார்டர் வாத்தியத்தை விழுங்குவதாக நான் எண்ணிய அந்த நால்வர், ஹல் துறைமுக நகரத்து வாட்டர்சன்ஸ். நார்மா, மைக், லால் என்னும் உடன்பிறப்புகள் மூவர். உறவினர் ஜான் ஹாரிசன் ஒருவர். உடன்பிறப்புகள் மூவரும் பெற்றோரை இளமையிலேயே இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர்கள். ஆண்டின் பருவங்களையும் சடங்குகளையும் பற்றிய பாடல்களை 1965-இல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். வாத்தியம் ஒன்றுகூட இல்லாமல், தொண்டையை மட்டுமே நம்பிப் பாடினார்கள். வாத்தியம் வாங்கக் காசில்லாத எந்த வீட்டிலும் பாடக்கூடிய இசை அது!

மின்கிதார் பாவமா?

இனி என் கருத்துக்கு வருகிறேன். இலண்டனில் 1967-இல் தோன்றிய இளைஞர் குழு ஃபேர்போர்ட் கன்வென்ஷன். 1969 மே மாதத்தில் கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் அவர்களுடைய வண்டி நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. பத்தொன்பதே வயதான முரசுக் கலைஞர் மார்ட்டின் லாம்பிளும் உடன்வந்த பெண் ஒருவரும் மாண்டனர். என்னைவிட ஒரு வயது இளையவர்! குழு அத்துடன் கலைந்திருக்கலாம். கலையவில்லை. அக்கோடையில் ஒரு கிராமத்து வீட்டில் கூடி, தம் நாட்டின் பழம்பாடல்களைக் கையில் எடுத்தனர். குழுவின் ஆஷ்லி ஹட்சிங்ஸ், செசில் ஷார்ப் இல்லத்து நூலகத்தில் பாடல்களைத் தேடினார். சாண்டி டென்னியின் குரலும், டேவ் ஸ்வார்ப்ரிக்கின் வயலினும், ரிச்சர்ட் தாம்சனின் மின்கிதாரும் சேர, அவ்வாண்டு டிசம்பரில் 'லீஜ் அண்ட் லீஃப்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. துயரத்தில் வீழ்ந்தவர்களுக்கு முன்னோர் பாட்டு ஊன்றுகோலானது.

அதன்பின் ஹட்சிங்ஸ் தொடங்கிய குழுவே ஸ்டீலை ஸ்பான். லிங்கன்ஷயர்ப் பாட்டொன்றில் வரும் வண்டிக்காரனின் பெயர் அது. சுண்ணாம்புக் காளவாய்த் தொழிலாளியான ஜார்ஜ் கோல்ட்தார்ப் என்பவர் பாட, பெர்சி கிரேஞ்சர் பதிந்த பாட்டு. பேட்டரி தீர்வதாக நான் அஞ்சிய அந்த ஊர்வலப் பாட்டு இவர்கள் பாடிய 'கௌதேத்தே' தான். 1973-இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 14-ஆம் இடம் பெற்றது. அது ஆங்கிலமே அன்று; 1582-இல் அச்சான தொகுப்பொன்றில் உள்ள இலத்தீன் பாட்டு! நான் புரியாமல் கேட்டதைப்போலவே அந்நாட்டு மக்களிலும் மிகப்பலர் புரியாமலே கேட்டு மகிழ்ந்திருக்கிறார்கள். 1975-இல் இக்குழுவின் வேறொரு பாட்டு 5-ஆம் இடத்துக்கே உயர்ந்தது.

'பழம்பாட்டை மின்கருவியில் வாசிப்பது கொலை' என்று அந்நாளில் குறைகூறியவர்கள் உண்டு. தூய்மை வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் அன்பை மதிக்கிறேன், வாதத்தை ஏற்கமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

லிங்கன்ஷயரில் கிரேஞ்சர் 1906 முதல் மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் ஃபோனோகிராஃப் கருவியைக் கொண்டு பாடல்களைச் சேகரித்தார். ஒலி அதிர்வு ஊசியை அசைக்க, ஊசி மெழுகில் பள்ளம் கீறும். அதே பள்ளத்தில் ஊசி மீண்டும் ஓடினால் குரல் திரும்ப எழும். எம் இயற்பியல் பாடத்துக்கு உரிய செய்தி இது. கருவி பொய் சொல்லாது. அது சொன்னது என்ன? ஒரே பாடகர் ஒரே பாட்டைப் பாடும்போதுகூட, அடிக்கு அடி மெட்டையும் தாளத்தையும் மாற்றிப் பாடுகிறார் என்பதே. எழுபது வயதைக் கடந்த ஜோசப் டெய்லர் அவ்வாறு பாடியவர்களுள் சிறந்தவர். 1908-இல் அவர் குரல் இசைத்தட்டாகவே விற்பனைக்கு வந்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாடல்களைப் பார்த்தாலும், ஒரே பாட்டுக்குப் பல வடிவங்கள் வரிசையாக நிற்கின்றன. பாடிய மக்களே ஊருக்கு ஊர், நாவுக்கு நா மாற்றியிருக்கும்போது, மாற்றாதே என்று தடுக்க நாம் யார்? மாறுவதே நாடோடிப் பாட்டின் உயிர்மூச்சு. மாறாமல் நிற்பது கல்வெட்டு.

இன்னொன்றும் சொல்வேன். மின்கிதாரோடு பாடியதால்தான் அப்பாட்டு வானொலிக்கு வந்தது, இசைத்தட்டானது, ஒலிநாடாவில் ஏறியது, கடல்கடந்து நீலகிரியில் ஒரு லைன் வீட்டுச் சிறுவன் காதிலும் விழுந்தது. தூய்மை காத்தவர்களின் ஏடு என் வீட்டுக்கு வரவே இல்லை!

பெயரை மறவாதே

அப்படியானால் யாரும் எப்படியும் எடுத்துக்கொள்ளலாமா? இல்லை. இங்கேதான் ஒரு கண்டிப்பு வேண்டும் என்கிறேன்.

'ஸ்கார்பரோ ஃபேர்' உலகமே அறிந்த பாட்டு. அதை இலண்டன் பாடகர் மார்ட்டின் கார்த்தி தம் கிதார் அமைப்போடு 1965-இல் பதிவு செய்தார். அவரிடம் அதைக் கற்ற அமெரிக்கர் பால் சைமன், தம் நண்பர் கார்ஃபங்கலுடன் 1966-இல் வெளியிட்டார். அத்தட்டில் கார்த்தியின் பெயர் இல்லை. பல்லாண்டு நிலைத்த மனக்கசப்பு, 2000-ஆம் ஆண்டில் சைமன் தம் இலண்டன் கச்சேரிக்கு அவரை அழைத்து, இருவரும் சேர்ந்து அதே பாட்டைப் பாடியபோது தீர்ந்தது. நல்ல முடிவு. ஆனால் கார்த்தியோ அதை மக்காலும் பெகி சீகரும் தொகுத்த நூலிலிருந்து கற்றவர். மக்காலுக்கு 1947-இல் அதைப் பாடிக் காட்டியவர் மார்க் ஆண்டர்சன் என்னும் ஓய்வுபெற்ற ஈயச் சுரங்கத் தொழிலாளி. கார்த்தி பெயர் விடுபட்டதைப் பற்றி எழுதியவர்கள் பலர். ஆண்டர்சனின் பெயரைச் சொல்பவர் எத்தனை பேர்?

பாட்டு பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் பாடட்டும், மாற்றட்டும், மின்கிதார் வாசிக்கட்டும். ஆனால் தமக்குமுன் பாடியவர் பெயரைச் சொல்லிப் பாடட்டும். உழைப்பாளி பாட்டு என்றால் 'மரபுப் பாடல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும், படித்தவர் தொகுத்தால் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவதும் என்ன நியாயம்? காப்பர் குடும்பத்தைப் பாருங்கள். 1898-இல் பாடிய ஜேம்சின் பேரர் பாப் காப்பர், தம் குடும்பத்தாரின் பெயரோடும் வாழ்க்கையோடும் சேர்த்து அப்பாடல்களை 1971-இல் நூலாக்கினார். 2004-இல் அவர் மறைந்த பிறகும் அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறைகள் பாடிவருகின்றன. பெயரும் பாட்டும் பிரியாமல் வாழ முடியும் என்பதற்கு அவர்களே சான்று.

முடிவாக

சென்ற பொங்கல் விடுமுறையில், கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். டேப் ரிக்கார்டரின் வார் மாற்றி ஓடச்செய்தேன். "துரைமார் பாட்டை மறுபடியும் எடுத்துட்டியா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டார் என் தாயார். ஹாம்பிரிட்ஜில் புல் வெட்டிக்கொண்டே பாடியவர் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். "அந்தத் தோட்டக்காரர் பேரு என்ன?" என்றார்.

பாட்டு எந்த மொழி என்று கேட்கவில்லை. தொகுத்தவர் யார் என்று கேட்கவில்லை. பதினைந்து ஆண்டு அந்தப் பங்களாவில் வேலை செய்தும், விருந்துக்கு வந்த எவரும் தம் பெயரை ஒருமுறையும் கேட்டறியாத என் தாயார், முதலில் கேட்டது பாடியவரின் பெயரை!

மாணவ நண்பர்களே! கையிலே கைப்பேசியும், அதிலே ஒலிப்பதிவு வசதியும் வைத்திருக்கிறோம். கிரேஞ்சர் சுமந்து திரிந்த மெழுகு உருளைக் கருவியைவிட அது ஆயிரம் மடங்கு எளியது. நம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் பாடுவோர் இருந்தால் பதிவுசெய்வோம். பாட்டை மட்டும் அன்று. பாடியவர் பெயர், ஊர், தொழில், பாடிய நாள் ஆகியவற்றையும் குறிப்போம். பிறகு அதை எந்த வாத்தியத்தில் வாசித்தாலும் தவறில்லை. அந்த ஆங்கிலேய அம்மையார் நீல மையால் எழுதிவைத்த பெயர்கள் இல்லாவிட்டால், நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே முடியாது.